பயிலாத கைகள்: பேராக் தோட்டங்களும் காப்பார் இல்லாத கலையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்குப் பக்கத்தில் உள்ள கெல்லி கோட்டையைப் பார்க்க வருபவர்களில் பலர், சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலைப் பாராமலே திரும்பிவிடுகிறார்கள். கோட்டையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித், 20 வயதில் ஸ்காட்லாந்திலிருந்து மலாயாவுக்கு வந்து, கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்துக்குத் துரையானவர். 1915இல் தொடங்கிய கட்டட வேலைக்கு மதராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார். வேலையாட்களைக் கொள்ளைநோய் பிடித்ததாகவும், அம்மனுக்குக் கோயில் எழுப்பினால் தணியும் என்று அவர்கள் கேட்டதாகவும், துரை சம்மதித்ததாகவும் கதை. அந்தக் கோயிலின் கூரைமேல், தெய்வ உருவங்களின் வரிசையில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார். கெல்லி 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். கோட்டை அரைகுறையாக நின்றது. கூரைமேல் நிற்பவர் யார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். அவரைச் சாந்தில் பிடித்து நிறுத்திய கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கலைப்பள்ளி வாசலை மிதிக்காதவர்கள், காட்சிக்கூடத்தை நினைத்துப் பாராதவர்கள் செய்த கலையை, உலகம் கடந்த நூறாண்டுகளாகத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறது. அதற்கென்று அருங்காட்சியகங்கள் உண்டு, ஏலங்கள் உண்டு, இதழ்கள் உண்டு. அந்தத் தேடல் பேராக்கின் ரப்பர் தோட்டங்களை எட்டியும் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்திருந்தால் என்ன கண்டிருக்கும், அதை எந்த வகையில் சேர்த்திருக்கும், இன்று அதில் எது மிச்சம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரை.

கண்டெடுத்தவர்களின் வரலாறு

பயிற்சி இல்லாதவர்களின் கலையை மேற்குலகம் முதலில் கவனித்தது மனநல மருத்துவமனைகளில். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர், நோயாளிகள் வரைந்தவற்றையும் செதுக்கியவற்றையும் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டினார். ஏறக்குறைய 5,000 படைப்புகள் சேர்ந்தன. அவற்றை வைத்து 1922இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பிய ஓவியர்களிடையே கைக்குக் கை மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு, சுவிட்சர்லாந்தின் வால்டாவ் மருத்துவமனையில் இருந்த அடோல்ஃப் வோல்ஃப்லி என்ற நோயாளியைப் பற்றி அவருடைய மருத்துவர் வால்ட்டர் மோர்கந்தாலர் தனி நூலே எழுதினார். நோயாளியின் உண்மைப் பெயரைச் சொல்லி, அவரைக் கலைஞர் என்றே அந்நூல் அழைத்தது.

1945இல் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே இந்த வகைக்கு ‘ஆர் புரூட்’ என்று பெயரிட்டார். மெருகேற்றாத, பச்சையான கலை என்பது அதன் கருத்து. அவர் சேர்த்த தொகுப்பு 1976இல் லோசான் நகரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1972இல் ஆங்கிலேய எழுத்தாளர் ரோஜர் கார்டினல் ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்ற தலைப்பில் எழுதிய நூல், ஆங்கிலம் பேசும் உலகில் அந்தப் பெயரை நிலைநாட்டியது. 2013 வெனிஸ் பினாலேயில் மாசிமிலியானோ ஜியோனி, பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து வைத்தார். மருத்துவமனை அலமாரியிலிருந்து உலகக் கலைவிழா வரைக்கும் வர, இந்தக் கலைக்குத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

இவ்வகைக் கலைஞர்களின் பட்டியலைப் பார்த்தால் தொழிலாளிகளே மிகுதி. பிரான்சில் பெர்டினான் ஷெவால் ஒரு தபால்காரர். 1879 முதல் 1912 வரை, கடிதம் கொடுக்கப் போகும் வழியில் பொறுக்கிய கற்களால் ஓர் அரண்மனை கட்டினார். லாஸ் ஏஞ்சலிசின் வாட்ஸ் பகுதியில் இத்தாலியக் குடியேறி சைமன் ரோடியா, 1921 முதல் 1954 வரை இரும்புக் கம்பியும் சிமெண்டும் உடைந்த பீங்கானும் கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். நம் பக்கத்தில் இதற்கு இணையாக நிற்பவர் நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1950களின் இறுதியிலிருந்து அரசு நிலத்துக் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல், உடைந்த வளையலும் பீங்கானும் கொண்டு ஆயிரக்கணக்கான உருவங்களைச் செய்து நிறுத்தினார். அது வெளியே தெரிந்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். அதிகாரிகள் சிலர் தடுத்தார்கள். 1976இல் பாறைத் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது; நேக் சந்துக்கு அந்த வேலைக்கே சம்பளமும் துணைக்கு ஆட்களும் கொடுத்தது நிர்வாகம்.

இந்த வரலாற்றைச் செய்தவர்களின் பக்கமிருந்து படிப்பது வழக்கம். காத்தவர்களின் பக்கமிருந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. வோல்ஃப்லிக்கு ஒரு மோர்கந்தாலர் இருந்தார். சிகாகோவில் துப்புரவுப் பணியாளராக வாழ்ந்து 1973இல் இறந்த ஹென்றி டார்கரின் அறையில் கிடந்த பதினைந்தாயிரம் பக்க நாவலையும் ஓவியங்களையும் குப்பையில் போடாமல் காத்தவர் வீட்டுக்காரர் நேதன் லெர்னர். அடிமையாகப் பிறந்து, முதுமையில் அலபாமாவின் தெருவோரம் உட்கார்ந்து வரைந்த பில் டிரெய்லரின் படங்களைச் சேர்த்து வைத்தவர் சார்ல்ஸ் ஷானன் என்ற இளம் ஓவியர். காப்பவர் இல்லாமல் உலகறிந்த ‘வெளியாள்’ ஒருவர்கூட இல்லை. இவர்களைவிடத் திறமை குறைந்தவர்கள் மற்ற ஊர்களில் இருந்தார்கள் என்பதல்ல இதன் பொருள். அங்கே குப்பைக்கூடைக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்க ஆள் இல்லை. பேராக் தோட்டங்களை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

கல்லிலிருந்து சிமெண்டுக்கு

1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் நாற்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் கித்தா (ரப்பர்) காடுகளுக்கு அங்கேதான் தொடக்கம். கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் திரட்டி வரும் கங்காணி முறையில் 1938 வரை தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்; அந்த ஆண்டு இந்திய அரசு தடுத்தது. வந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத உழவுக் கூலிகள். கல்லிலும் செம்பிலும் வேலை செய்யும் கம்மாளரோ, மண்ணால் தெய்வம் செய்யும் வேளாரோ குடும்பம் குடும்பமாகத் தோட்டத்துக்கு வரவில்லை. சாமி வந்தது, சாமியைச் செய்யும் குலம் வரவில்லை. பேராக்கின் தோட்டத்துக் கலையைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளிதான் திறவுகோல்.

தோட்டத்தில் பெரும்பாலும் இரண்டு விதமான வழிபாட்டிடங்கள் இருந்தன. லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) நடுவில் மாரியம்மன் கோயில். நிர்வாகம் இடம் கொடுக்கும், சம்பளத்தில் பிடித்த பணத்தில் திருவிழா நடக்கும், தோட்ட எழுத்தரான கிராணியும் கங்காணியும் முன்நின்று நடத்துவார்கள். இன்னொன்று எல்லையில், ஆற்றோரத்தில், பெரிய மரத்தடியில் இருப்பது: முனியாண்டி, மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன், காளியம்மன். இங்கே குழு கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. யாரோ ஒருவர் கனவு கண்டார், யாருக்கோ காய்ச்சல் தீர்ந்தது, ஒரு கல் நடப்பட்டது. கல்லுக்கு மஞ்சள் பூசி, பக்கத்தில் சூலம் ஊன்றி, மழைக்கு மேலே தகரம் போட்டார்கள். பிறகு கண்ணாடி போட்ட காலண்டர் படம் வந்தது. கையில் கொஞ்சம் காசும் சிமெண்டும் சேர்ந்த காலத்தில், அந்தப் படத்தைப் பார்த்து ஓர் உருவம் எழுந்தது. எழுப்பியவர் காலையில் மரம் சீவி, பால் எடுத்து, பிற்பகலில் சாந்து குழைத்தவர்.

அந்த உருவங்களுக்கென்று ஒரு தோற்றம் உண்டு. அதன் காரணங்கள் பக்தியில் பாதி, பொருளில் பாதி. உள்ளே போதிய கம்பி வைக்காமல் சிமெண்டை அப்பினால் நீட்டிய கை ஒடிந்து விழும். ஆகவே கைகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கால்கள் தூண்போலத் தடிக்கும். அருவாளை மட்டும் தனித் தகட்டில் வெட்டிச் செருகலாம் என்பதால் அது ஆளைவிடப் பெரிதாக ஓங்கி நிற்கும். சிற்ப நூல் சொல்லும் தாள அளவு இங்கே இல்லை. முகம்தான் முதலில், முகத்திலும் கண்தான் முதலில், மிச்சமுள்ள இடத்தில் உடம்பு. கடையில் கிடைக்கும் எனாமல் பெயிண்ட் சில நிறங்களிலேயே வரும் என்பதால் நீலமும் ரோஜா நிறமும் மஞ்சளும் கலப்பில்லாமல் அடுத்தடுத்து பளபளக்கும். முறையான சிற்பி ஒருவர் பார்த்தால் இவை எல்லாம் பிழைகள். ஓடி வரும் ஆளை நிற்கவைக்க வேண்டிய எல்லைச்சாமிக்கு இவையே பலம்.

இவ்வுருவங்களின் மூலம் எங்கே என்று தேடினால் கிராமத்து நினைவு ஒரு பங்கு, அச்சடித்த படம் பெரும்பங்கு. கோவில்பட்டி கொண்டையராஜு வழி வந்த ஓவியர்களின் காலண்டர் படங்கள் கடல் கடந்து வந்து லயத்துச் சுவர்களில் தொங்கின. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ வெளியான பிறகு, வீரனின் முகத்தை எம்.ஜி.ஆரிடமிருந்து பிரிப்பது பலருக்கு முடியாமல் போயிற்று. பண்பாடு தீண்டாத தூய கலையைத் துபுஃபே தேடினார். அப்படி ஒன்று எங்கும் இருந்ததில்லை. டார்கரே நாளிதழ்ச் சித்திரங்களையும் விளம்பரங்களையும் ஒற்றியெடுத்துத்தான் தம் உலகத்தை வரைந்தார். காலண்டரையும் சினிமாவையும் பார்த்துச் செய்ததால் தோட்டத்துச் சாமி கலையில் தாழ்ந்தது ஆகாது.

எந்தக் கட்டத்திலும் அடங்காதது

இதை நாட்டார் கலை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. தமிழ்நாட்டில் அய்யனாருக்குக் குதிரை செய்யும் வேளாருக்குக் களிமண் பக்குவம், சூளைக் கணக்கு, கண் திறக்கும் சடங்கு எல்லாம் தகப்பனிடமிருந்து வரும். மதுரைப் பகுதி வேளாரை ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ், அவர்கள் உருவத்தைச் செய்பவர்கள் மட்டுமல்ல, அதில் தெய்வத்தை இறக்கும் பூசாரிகளும் அவர்களே என்று காட்டினார். புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, அந்தப் பெருமை அவருக்கு முந்தைய தலைமுறைகளுக்கும் சேர்த்தே கிடைத்தது. பேராக்கில் சிமெண்ட் குழைத்த பால்மரத் தொழிலாளிக்கு அப்படி முன்னோர் வரிசை இல்லை. குலத் தொழில் இல்லை, குரு இல்லை, ஒரே ஒரு சாமியைச் செய்துவிட்டு மறுபடி உளியும் வாளியுமாகக் காட்டுக்குப் போனவர்.

துபுஃபேயின் கட்டத்திலும் இவர் அடங்கமாட்டார். ஆர் புரூட் கலைஞன் தனியாள்; சமூகத்துக்கு முதுகைக் காட்டித் தன் உள்ளுலகத்துக்காகச் செய்பவன். தோட்டத்துக்காரர் செய்தது ஊருக்காக. ஊர் பார்த்து, ‘மீசை சரியில்லை’ என்று சொல்லித் திருத்தவைத்திருக்கும். முடிந்ததும் ஊரே அதன்முன் விழுந்து கும்பிட்டது. தம் மக்களுக்கு நடுவில் இவர் எந்த வகையிலும் வெளியாள் இல்லை.

அப்படியானால் எதற்கு வெளியே? முதலாவது, சிற்பக் குலங்களின் மரபுக்கு வெளியே. இரண்டாவது, ஆகம விதிக்கு வெளியே. மூன்றாவது, நாட்டின் கலை நிறுவனங்களுக்கு வெளியே. கோலாலம்பூரில் 1958இல் தேசிய ஓவியக் கூடம் தொடங்கியபோது அதன் சுவருக்குச் சென்றவை பயின்றவர்களின் ஓவியங்கள். பேராக்கின் தோட்டத்துச் சாமி கலைக்கூடத்துக்குக் கலை ஆகவில்லை. ஆகமத்துக்குச் சிற்பம் ஆகவில்லை. நாட்டாரியல் ஆய்வாளருக்கும் பாரம்பரியம் ஆகவில்லை, ஏனெனில் அது சிமெண்ட், அதுவும் நேற்றைய சிமெண்ட். மூன்று வாசல்களும் மூடியிருந்தன. இதில் எந்த வாசலும் பகைமையால் மூடப்படவில்லை. தன் பட்டியலில் இல்லாததை ஒவ்வொன்றும் பார்க்காமல் விட்டது, அவ்வளவுதான்.

தோளிலும் வாசலிலும்

சாமி உருவம் நிற்கும். தோட்டத்து மக்களின் வேறு இரண்டு கலைகள் நிற்பதே இல்லை. ஒன்று காவடி, மற்றொன்று கோலம்.

ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடிகள் போகும். மயிலிறகும் மரவளைவும் கொண்ட பழைய காவடி, மலேசியாவில் அலுமினியச் சட்டம், நுரைப்பலகை, மின்விளக்கு என்று வளர்ந்து, தோளில் எடுக்கும் ஒரு கோபுரமாகவே ஆகிவிட்டது. இதன் வடிவமைப்பில் பொறியியல் உண்டு: எடை இடுப்பிலும் தோளிலும் பிரிந்து இறங்க வேண்டும், ஆடும்போது சாயக்கூடாது, உடம்பில் குத்திய கம்பிகள் சதையைக் கிழிக்கக்கூடாது. செய்பவர்களில் பட்டறை வேலைக்காரரும் லாரி ஓட்டுநரும் மின்பணியாளரும் உண்டு. பல மாதம் உழைத்துச் செய்ததைச் சில மணி நேரம் சுமந்து, பிறகு பிரித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே சட்டத்தில் வேறொரு காவடி. வாட்ஸ் கோபுரங்களைக் கொண்டாடும் கண்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்றால், ரோடியாவின் கோபுரம் நின்ற இடத்தில் நிற்கிறது. இது நடந்து போய்விடுகிறது. செய்தித்தாள் படத்தில் காவடி எடுத்தவர் இருப்பார், செய்தவர் இருக்கமாட்டார்.

கோலம் இன்னும் குறுகிய ஆயுள் கொண்டது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போக வேண்டிய பெண், லயத்து வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுத்துவிட்டுப் போவாள். அன்று மாலைக்குள் அது கால்களில் போய்விடும். தோட்டத்துக் கலையைப் பற்றிய பேச்சு சாமி உருவத்தோடு நின்றால் அது ஆண்களின் பேச்சாகவே முடியும். கணக்கும் சமச்சீரும் கைவந்த அந்தப் பெண்கள் பெயர் தெரியாத ஓவியர்கள். இன்று மலேசியப் பேரங்காடிகளில் தீபாவளிக்கு வண்ண அரிசியால் பெரிய பெரிய கோலங்கள் போடப்படுகின்றன. அவற்றுக்கு விளம்பரதாரர் உண்டு, புகைப்படம் உண்டு. வாசலிலிருந்து பேரங்காடிக்கு வந்ததில் கோலம் பெரிதாயிற்று. அது நாள்தோறும் நடந்த பயிற்சி என்பது போயிற்று.

தஞ்சோங் ரம்புத்தான்

மேற்குலகின் தேடல் மனநல மருத்துவமனையில் தொடங்கியது என்றோம். பேராக்கில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஈப்போவுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கானோர் அதற்குள் வாழ்ந்தார்கள். மலேசியாவில் எந்த மொழிக்காரரும் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று சொல்லிக் கேலி செய்யும் அளவுக்கு அந்த ஊர்ப்பெயரே பழிச்சொல் ஆகிவிட்டது. துபுஃபே பேராக்குக்கு வந்திருந்தால் தம் வழக்கப்படி கதவைத் தட்டியிருக்கும் முதல் இடம் அது.

ஆனால் இந்த வாசலில் நின்று யோசிக்க வேண்டும். நோயாளியின் படம் அவர் நோயின் பதிவும்கூட. அவர் சம்மதம் கேட்காமல் அதைச் சுவரில் மாட்டலாமா? பிரின்ஸ்ஹார்ன் தொகுப்புக்கு நேர்ந்தது ஒரு பாடம்: அதிலிருந்து எடுத்த படங்களை நாஜிகள் பின்னர் நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுக் காட்டி, இரண்டும் ‘சீரழிந்த கலை’ என்று இகழப் பயன்படுத்தினார்கள். சேர்த்தவர் மதித்துச் சேர்த்தது, பறித்தவர் கையில் ஆயுதமாயிற்று. ஆகவே காப்பவர் என்றால் பொருளைக் காப்பவர் மட்டும் ஆகமாட்டார். செய்தவரின் மானத்தையும் சேர்த்துக் காப்பவராக இருக்க வேண்டும்.

நகரத்துச் சுவரும் குகைச் சுவரும்

பயிற்சியின்மையே ஒருவரை வெளியே நிறுத்துகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பேராக்கின் புகழ்பெற்ற சித்திரக்காரர் லாட் கலைப்பள்ளியில் பயின்று சித்திரக்காரர் ஆனவர் அல்லர். 1951இல் கோப்பெங் வட்டாரத்துக் கம்பத்தில் பிறந்து, ஈப்போவில் வளர்ந்து, நாளிதழில் குற்றச்செய்தியாளராக வேலை பார்த்து, 1979இல் ‘கம்போங் பாய்’ வழியாக நாடே அறிந்த பெயரானார். அவருக்கு நாளிதழ் இருந்தது, அச்சுக்கூடமே காப்பவராயிற்று.

மறுபக்கம், 2014இல் ஈப்போ பழைய நகரச் சுவர்களில் லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த ஓவியங்கள், ஒரு காப்பி நிறுவனத்தின் ஆதரவில் வந்தவை. அவர் முறையாகப் பயின்றவர். அச்சுவரோவியங்களுக்கு வரைபடம் இருக்கிறது, முன்னால் நின்று படம் எடுக்க வரிசை இருக்கிறது. தெருக் கலையும் தோட்டத்துக் கலையும் காட்சிக்கூடத்துக்கு வெளியில்தான் பிறந்தன. முதலாவதைச் சுற்றுலாத் துறை தத்தெடுத்தது; மற்றதை யாரும் எடுக்கவில்லை. சிமெண்ட் உருவங்களுக்கும் ஆதரவு கிடைத்த இடம் உண்டு. குனோங் ராப்பாட்டில் உள்ள லிங் சென் தோங் குகைக்கோயிலின் முற்றத்தில் சீனக் காவியக் கதாபாத்திரங்களும் விலங்குகளும் பளிச்சென்ற வண்ணத்தில் சிமெண்டில் நிற்கின்றன. அவற்றின் மொழி தோட்டத்து முனியாண்டியின் மொழிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அந்தக் கோயில் இடம்பெயராமல் மலையடியில் நிலைத்தது. சீன வணிகச் சமூகத்தின் ஆதரவு தொடர்ந்தது.

இன்னும் பின்னால் போகலாம். தம்புன் குகையில் செங்காவி ஓவியங்கள் இருப்பதை 1959இல் கூர்க்கா படைப்பிரிவின் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கண்டறிந்தார். அறுநூறுக்கு மேற்பட்ட உருவங்கள் பின்னர் ஆராய்ந்து பதியப்பட்டன. லெங்கோங் பக்கம் குவா பாடாக்கில், லானோ பூர்வகுடியினர் கரியால் வரைந்த படங்களை 1920களில் ஐவர் எவான்ஸ் பதிவு செய்தார். ஆயிரமாண்டுகளுக்கு முந்தைய பெயரில்லாக் கைக்கும், நூறாண்டுக்கு முந்தைய பூர்வகுடிக் கைக்கும் ஒரு பதிவாளர் கிடைத்தார். அதே பேராக்கில் வாழ்ந்து, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுமதிப் பணத்தை ஈட்டித் தந்த தோட்டத் தொழிலாளியின் கைக்குக் கிடைக்கவில்லை. பழமை போதாது, அயன்மை போதாது. பக்கத்து வீட்டுக்காரர் செய்தது யார் கண்ணுக்கும் ஆய்வுப்பொருளாகத் தெரிவதில்லை.

இடித்தது யார்?

1950களிலும் 60களிலும் ஆங்கிலேயர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பிலேயே தோட்டங்களை வாங்கிக் காத்தது இந்தப் பின்னணியில்தான். அதன்பிறகு கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குக் குறைந்த ஆட்கள் போதும். எஞ்சிய நிலத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் காலியாயின. மக்கள் புந்தோங்குக்கும் நகரோரத் தாமான்களுக்கும் போனார்கள். நிலத்தின் பத்திரத்தில் எல்லைச்சாமியின் பெயர் இல்லை. நாடெங்கும் கோயில்கள் இடிபட்ட கசப்பு, 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், இந்து உரிமைப் போராட்ட அமைப்பான இண்ட்ராப்பின் பேரணியாக வெடித்தது.

இடித்தது நிறுவனமும் அரசும்தான் என்று நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் இடிபடாமல் பிழைத்த கோயில்களிலும் பழைய உருவங்கள் பிழைக்கவில்லை. புதிய இடம் கிடைத்ததும் கோயில் பதிவு பெற்றது, குழு வந்தது, குடமுழுக்குக்கு நாள் குறிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்து விதிப்படி கருங்கல்லிலும் சுதையிலும் செய்தார்கள். முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். சுருட்டும் சாராயமும் சேவலும் போய்ப் பொங்கலும் பழமும் வந்தன. சிங்கப்பூரில் முனீஸ்வரர் வழிபாட்டை ஆராய்ந்த வினிதா சின்ஹா இதே போக்கை அங்கே விரிவாகக் காட்டியிருக்கிறார். பழைய சிமெண்ட் உருவம் ‘அளவு சரியில்லை’, ‘பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது’ என்று அகற்றப்பட்டது. நாட்டார் தெய்வத்தைக் கும்பிடுவது நாகரிகக் குறைவு என்று பலகாலம் கேட்டு வளர்ந்த மக்கள், தம் தாத்தா கையால் செய்த சாமியைப் பார்த்தே கூச்சப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்வது கடினம். நல்ல கோயில் கட்டுவது, லயத்திலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று உலகுக்குச் சொல்லும் வழி. ஆனாலும் முடிவு ஒன்றே: தோட்டத்து மக்களின் சிற்ப வரலாற்றில் ஒரு பெரிய பகுதியை அழித்தது நம் பக்திதான், நம் ஏற்றம்தான்.

காப்பது எப்படி?

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. முதலாவது, வறுமையில் பிறந்ததை அழகென்று கொண்டாடுவது, வறுமையைக் கொண்டாடுவதாகும் என்பது. இது நியாயமான எச்சரிக்கை. கைகள் ஒட்டியிருப்பதற்குக் கம்பியின்மை காரணம் என்று சொல்லாமல் ‘எளிமையின் அழகு’ என்று எழுதினால் அது பொய். இல்லாமையையும் அதற்குள் எடுத்த முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சாமியைக் கலை என்பது அதைச் சிறுமைப்படுத்தும் என்பது. சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே பேச்சு இருந்தது. இன்று அவை கலை என்பதாலேயே கடத்தப்பட்டவற்றை மீட்கிறோம், மீண்ட பின் பூசையும் செய்கிறோம். இரண்டும் ஒன்றாக வாழும்.

மூன்றாவதுதான் கனமானது: கண்டெடுப்பது கெடுக்கும். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாமை, ஜெ. சுவாமிநாதன் நடத்திய போபால் பாரத் பவன் கண்டெடுத்தது. 1989இல் பாரிஸின் ‘மஜிசியான் து லா தேர்’ கண்காட்சி வரை அவர் ஓவியம் போயிற்று. 2001இல் ஜப்பானில் ஒரு தனியார் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில் அவர் தூக்கில் தொங்கினார். புகழ் கிடைத்தது, ஊர் தூரமாயிற்று, பேரம் பேசும் பலம் மட்டும் கைக்கு வரவில்லை. பேராக்கில் யாரையும் ‘கண்டுபிடித்து’ மேடையேற்ற வேண்டியதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். செய்ய வேண்டியது பதிவு.

அதற்கான வழி தமிழ் மரபுக்குள்ளேயே இருக்கிறது. அய்யனார் கோயில் வளாகத்தில் புதுக்குதிரை வந்தாலும் பழங்குதிரையை யாரும் தூக்கிப் போடுவதில்லை; பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள், மழையில் கரையும்வரை அது நிற்கும். குடமுழுக்குக்கு முன் பழைய உருவங்களில் ஒன்றையாவது கோயில் வளாகத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்; ஆகமத்தால் தடை வராது, மரபும் கெடாது. எதை வைக்க முடியாதோ அதை நான்கு பக்கமும் படம் எடுத்து, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் செய்தார், எந்தப் பொருளில், யார் வேண்டுதலில் என்று கோயில் கணக்குப் புத்தகத்திலேயே எழுதி வைக்கலாம். செய்தவர் பெயர் இன்னும் சிலருக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்கு வயது எழுபதும் எண்பதும். இது பத்தாண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை.

நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள். ஒவ்வொருவரும் தம் பாட்டியின் தோட்டத்துக் கோயிலைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினால், எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத தொகுப்பு உருவாகிவிடும். 2005இன் தேசிய மரபுடைமைச் சட்டம் கைவினையையும் வாழும் கலைஞரையும் மதிக்க இடம் தருகிறது. காவடி செய்பவரை அந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்க, தைப்பூசக் குழுக்களே பொருத்தமானவை.

லோசானிலும் ஹைடல்பெர்க்கிலும் காப்பவர் வெளியிலிருந்து வந்தார். வந்ததால் கலை பிழைத்தது, பல வேளைகளில் செய்தவர் அதிலிருந்து பிரிக்கப்பட்டார். பேராக்கில் அப்படி ஒருவர் வரவில்லை. இனி வரவேண்டிய தேவையும் இல்லை. இங்கே காப்பவர் ஆகக்கூடியவர்கள் கோயில் குழுச் செயலாளரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் பேரப்பிள்ளையும்தான். அவர்கள் பதிவு செய்தால், ‘வெளியாள் கலை’ என்ற அலமாரி இதற்குத் தேவைப்படாது. மலேசியத் தமிழரின் சிற்ப வரலாறு என்றே அது பெயர் பெறும். செய்யாவிட்டால் அடுத்த குடமுழுக்கு மலர் பளபளப்பான தாளில், நன்கொடையாளர் படங்களோடு அழகாக வெளிவரும். அதில் ஸ்தபதியின் பெயர் இருக்கும், அவருக்கு முன் அந்தச் சாமியைச் செய்த பால்மரத் தொழிலாளியின் பெயர் இருக்காது.